ஸ்டீராய்டு மருந்து உடலில் செய்வது என்ன?

கிராமங்களில் முகாம் செய்யும்பொழுது நம் செவியில் அடிக்கடி விழும் பேச்சு ஒன்றுண்டு. “கடையில் பொட்டலம் வாங்கி இரண்டு வேளை போட்டேன், மறுநாளே மண்வெட்டியைத் தூக்கிவிட்டேன்” என்பர். முழங்கால் வீங்கித் திண்ணையை விட்டு இறங்க மாட்டாதிருந்தவர் மறுநாள் வரப்பில் நிற்பது உண்மையே. அதில் மாயம் ஏதுமில்லை. அவரே சில ஆண்டுகளில் முகம் உப்பி, தோல் மெலிந்து, சர்க்கரை நோயும் கண்டு, இடுப்பு மூட்டு செயலற்று, மீண்டும் அதே திண்ணைக்கு வந்து சேர்வதும் உண்மை. இவ்விரண்டுக்கும் காரணம் பெரும்பாலும் ஒரே மருந்து. பொட்டலத்திலுள்ள நான்கைந்து மாத்திரைகளுள் மிகச் சிறியதாக இருக்கக்கூடிய அதற்கு ஸ்டீராய்டு என்று பெயர்.

இம்மருந்தைத் தூற்றுவது நமது நோக்கமன்று. உலக சுகாதார நிறுவனம் வகுத்துள்ள இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் அது இடம் பெற்றிருக்கிறது. அதனால் உயிர் பிழைத்தோர் எண்ணிறந்தோர். நாம் மருத்துவர் அல்லோம். எனினும் இம்மருந்து உடலினுள் புகுந்து என்ன செய்கிறது என்பதை விவசாயப் பெருமக்களும் ஊராட்சி மன்ற உறுப்பினர்களும் ஒருமுறை தெளிந்துகொண்டால், அதனை எப்போது நாடுவது, எப்போது அஞ்சுவது என்பது பிறர் சொல்லாமலே விளங்கும் எனக் கருதியே இதனை எழுதுகின்றோம்.

அழற்சி என்பது யாது?

காலில் முள் தைத்தால் அவ்விடம் சிவக்கிறது, சுடுகிறது, வீங்குகிறது, வலிக்கிறது. இந்நான்கையும் சேர்த்து மருத்துவ நூலார் அழற்சி என்பர். அழற்சி தானாக ஒரு நோயன்று; நோயை எதிர்த்து உடல் மேற்கொள்ளும் நடவடிக்கையே அது. முள்ளுடன் கிருமிகள் உட்புகுந்ததும், அங்கே காவலிருக்கும் அணுக்கள் சில இரசாயனப் பொருள்களை வெளியிடுகின்றன. ஊரைக் கூட்டும் கூக்குரல் போன்றவை அவை. அக்குரல் எட்டியதும் நுண்ணிய இரத்தக் குழாய்கள் விரிவதால் சிவப்பும் சூடும் உண்டாகின்றன. குழாய்ச் சுவர் நெகிழ்ந்து நீர் கசிவதால் வீக்கம் எழுகிறது. இரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும் வெள்ளணுக்கள் சுவரில் ஒட்டி நின்று, இடுக்குகளின் வழியே வெளிப்பட்டு, கிருமிகளை விழுங்கத் தொடங்குகின்றன. வலியும் நன்மைக்கே, புண்பட்ட காலை ஊன்றாதிருக்கச் செய்வது அதுதான்.

நிலக்கடலைக் காட்டில் இரவில் பன்றி புகுந்துவிட்டது எனக் கொள்வோம். கூக்குரல் கேட்டுப் பலர் தடியுடன் ஓடிவருகின்றனர். பன்றி ஓடிய பின்னர் அவர்களும் வெளியேறிவிட்டால் பயிர் பிழைக்கும். வெளியேறாமல் காட்டிற்குள்ளேயே அலைந்துகொண்டிருந்தால், பன்றி தின்றது போக எஞ்சியது இவர்கள் காலடியில் அழியும். உடலிலும் சில வேளை இவ்வாறே நிகழ்கிறது. சரவாங்கி என்று நம் பக்கத்தில் கூறப்படும் மூட்டு வாதத்தில் பன்றியே வரவில்லை. உடலின் காவல் படை தன் மூட்டின் உட்சவ்வையே பகையெனக் கருதித் தாக்குகிறது. ஆஸ்துமாவில், தூசிக்கும் மகரந்தத்துக்கும் மூச்சுக்குழாய் தேவைக்கு மிஞ்சி வெகுண்டு வீங்கி அடைத்துக்கொள்கிறது. இத்தகைய நிலையில் அழற்சியை அடக்குவதே சிகிச்சையாகிறது.

உடலே சுரக்கும் மருந்து

இரு சிறுநீரகங்களின் மேலும் தொப்பி வைத்தாற்போல் அமைந்த அட்ரினல் என்னும் சுரப்பிகள் உள்ளன. அவற்றின் மேற்பட்டையில் ஊறும் கார்ட்டிசால் என்னும் சுரப்புநீரே இயற்கையின் ஸ்டீராய்டு. நாளொன்றுக்கு அது ஊறும் அளவு 10 முதல் 20 மில்லிகிராம் என்பது பொதுக் கணக்கு. விடியற்காலையில் மிகுந்தும் நள்ளிரவில் குறைந்தும் அது ஊறுகிறது. காய்ச்சல், விபத்து, அறுவை சிகிச்சை ஆகிய இடர்கள் நேரும்போது பன்மடங்கு சுரக்கிறது. எழுந்த அழற்சி எல்லை மீறாதபடி கட்டுக்குள் வைப்பது அதன் பணிகளுள் ஒன்று.

இதனை மருந்தாக்கிய வரலாறு சுவையானது. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் ராச்சஸ்டர் என்னும் ஊரிலுள்ள மேயோ மருத்துவமனையில் பணிபுரிந்த பிலிப் ஹென்ச் என்னும் மருத்துவர், 1929ஆம் ஆண்டில், மூட்டு வாதமுற்ற ஒருவருக்கு மஞ்சள் காமாலை கண்டபோது மூட்டு வலி தணிந்ததைக் கவனித்தார். கருவுற்ற பெண்களுக்கும் அவ்வாறே தணிவதைப் பின்னர் கண்டார். உடலே ஏதோ ஒரு பொருளைச் சுரந்து நோயை அடக்குகிறது என்று ஊகித்தார். அதே மருத்துவமனையில் எட்வர்ட் கெண்டல் என்னும் இரசாயன அறிஞர் கால்நடைகளின் அட்ரினல் சுரப்பிகளிலிருந்து பல பொருள்களைப் பிரித்தெடுத்துக்கொண்டிருந்தார். சுவிட்சர்லாந்தில் ததேயுஷ் ரைக்ஸ்டைன் என்பாரும் தனியே இதே முயற்சியில் ஈடுபட்டிருந்தார். இப்பொருள்களுள் ஒன்றை மாட்டுப் பித்தநீரிலிருந்து பல படிகளில் மாற்றிச் செய்யும் முறை கண்டறியப்பட்ட பின்னரே, மனிதருக்குக் கொடுத்துப் பார்க்கும் அளவுக்கு அது கிடைத்தது. 1948ஆம் ஆண்டு செப்டம்பர் 21ஆம் நாள், 29 வயதுப் பெண் ஒருவருக்கு முதல் ஊசி போடப்பட்டது. படுக்கையில் புரளவும் இயலாதிருந்த அவர் சில நாட்களில் எழுந்து நடந்தார். கார்ட்டிசோன் எனப் பெயரிடப்பட்ட அம்மருந்துக்காக மேற்சொன்ன மூவருக்கும் 1950ஆம் ஆண்டின் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

அக்காலத்திலேயே இரண்டு செய்திகள் புலனாயின. மருந்தை நிறுத்தியதும் மூட்டு வாதம் திரும்பியது. நிறுத்தாமல் கொடுத்தால் முகம் உப்புதல் முதலிய வேறு துன்பங்கள் எழுந்தன. நோயின் வேரை இம்மருந்து அறுப்பதில்லை என்பது முதல் ஆண்டிலேயே தெரிந்துபோன உண்மை. நம் ஊர்க் கடைத்தெருவுக்கு மட்டும் அது இன்னும் வந்து சேரவில்லை.

அணுவினுள் நடப்பது

இன்று வழங்கும் பிரெட்னிசலோன், டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன் முதலியவை கார்ட்டிசாலின் உருவைச் சற்றே மாற்றி வீரியம் கூட்டியவை. உடல் சுரக்கும் கார்ட்டிசால் 20 மில்லிகிராமின் வேலையைப் பிரெட்னிசலோன் 5 மில்லிகிராமும், டெக்ஸாமெத்தசோன் 0.75 மில்லிகிராமும் செய்துவிடும். மாத்திரை சிறிதென்று எண்ணி ஏமாறுவோர் இக்கணக்கை நினைவிற் கொள்ளுதல் நலம்.

இவை கொழுப்பின் தன்மையுடையவை. ஆதலின் உயிரணுவின் மேற்சவ்வை எளிதில் ஊடுருவி உட்செல்கின்றன. உள்ளே இவற்றைப் பற்றிக்கொள்வதற்கென்றே ஏற்பி என்னும் புரதம் காத்திருக்கிறது. இரண்டும் இணைந்து அணுவின் கருவுக்குள் நுழைகின்றன. எந்தப் பொருளை எவ்வளவு செய்யவேண்டும் என்ற கட்டளைகள் மரபணுக்களாக எழுதி வைக்கப்பட்டிருப்பது அங்கேதான். கூக்குரல் எழுப்பும் இரசாயனங்களைச் செய்யும் கட்டளைகளை மருந்து அடக்கிவிடுகிறது. அமைதிப்படுத்தும் புரதங்களைச் செய்யும் கட்டளைகளைத் தூண்டுகிறது. குரல் அடங்கியதும் இரத்தக் குழாய் சுருங்குகிறது, கசிவு நிற்கிறது, வெள்ளணுக்கள் குழாய்ச் சுவரில் ஒட்ட மாட்டாமல் இரத்தத்தோடு ஓடிவிடுகின்றன. இங்கே ஒரு வேடிக்கை: இம்மருந்து உண்போரின் இரத்தத்தைச் சோதித்தால் வெள்ளணுக்களின் மொத்த எண்ணிக்கை கூடியிருக்கக் காணலாம். காவலர் அனைவரும் சாலையிலேயே நிற்கின்றனர். ஒருவரும் காட்டில் இறங்கவில்லை என்பதே அதன் பொருள். கிருமிகளை அடையாளம் கண்டு நினைவில் வைத்துப் போரிடும் நிணவணுக்களோ எண்ணிக்கையிலும் குறைகின்றன. ஒன்றுக்கொன்று செய்தி அனுப்புவதையும் குறைத்துக்கொள்கின்றன. நோய் எதிர்ப்பு ஆற்றல் அடங்குவது இவ்வாறே.

டைக்ளோஃபெனாக் போன்ற சாதாரண வலி மாத்திரைக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டைப் பாசன விவசாயிகள் எளிதில் உணர்வர். வலியையும் வீக்கத்தையும் விளைவிக்கும் பொருள்கள் பல கிளைகளாகப் பிரிந்து உண்டாகின்றன. சாதாரண மாத்திரை அவற்றுள் ஒரு கிளை வாய்க்காலை மட்டும் அடைக்கிறது. ஸ்டீராய்டு தலைமடையையே அடைத்துவிடுகிறது. பலன் மிகுதியாயிருப்பதும் அதனாலேயே; கேடு விரிவாயிருப்பதும் அதனாலேயே.

மற்றொன்று: மரபணுக் கட்டளையை மாற்றி வேலை செய்வதால், பலன் தெரிவதற்குப் பெரும்பாலும் சில மணி நேரம் ஆகும். பாம்புக் கடிக்கு விஷமுறிவு ஊசியே மருந்து. ஸ்டீராய்டு ஊசி அதற்கு ஈடாகாது. அதனைப் போட்டுக்கொண்டு பொழுதைப் போக்குவது உயிருக்கு ஆபத்து.

மேலே கூறிய ஏற்பி, உடலின் ஏறத்தாழ எல்லா அணுக்களிலும் உள்ளது. மூட்டுக்கென விழுங்கிய மாத்திரை மூட்டோடு நில்லாது. கல்லீரலில் சர்க்கரை உற்பத்தியைக் கூட்டுகிறது. எலும்பின் வளர்ச்சியைத் தடுக்கிறது. தசையையும் தோலையும் மெலிவிக்கிறது. கண் வில்லையில் புரை விழச் செய்கிறது. இரத்த அழுத்தத்தை உயர்த்துகிறது. கால்நடை மருத்துவர் நிறைமாதச் சினை மாட்டுக்கு இவ்வூசி போடத் தயங்குவதைக் கால்நடை வளர்ப்போர் கண்டிருக்கக்கூடும். கன்றின் அட்ரினல் சுரப்பே ஈனும் நேரத்தைக் குறிப்பதால், வெளியிலிருந்து ஸ்டீராய்டு செலுத்தினால் மாடு காலம் முந்திக் கன்று ஈன்றுவிடலாம்.

கைகால்களைக் காப்பது

முறையாகப் பயன்படுத்தினால் இம்மருந்து செய்யும் நன்மைக்குத் தொழுநோய்ச் சிகிச்சையைவிடச் சிறந்த சான்று நமக்குத் தோன்றவில்லை. தொழுநோய்க் கிருமிகளைக் கொல்லக் கூட்டு மருந்து உண்டு. ஆயினும் சிகிச்சைக்கு இடையிலோ முடிந்த பின்போ சிலருக்குத் திடீரெனத் தேமல்கள் சிவந்து தடிக்கும்; முழங்கைக்கருகிலும் முழங்காலுக்கருகிலும் உள்ள நரம்புகள் வீங்கி வலிக்கும்; விரல்கள் மடங்கத் தொடங்கும். நோய் முற்றிவிட்டதென்றும் மருந்து ஒத்துக்கொள்ளவில்லையென்றும் ஊரார் முடிவு கட்டுவர். உண்மை அதுவன்று. நரம்பினுள் கிடக்கும் கிருமிகளின் மிச்சங்களை உடலின் எதிர்ப்புப் படை கண்டுகொண்டு தாக்குகிறது. அத்தாக்குதலில் நசுங்குவது நரம்பு. பன்றி ஓடிய பின்னும் காட்டை மிதிக்கும் நிலை இதுவே. உரிய காலத்தில் பிரெட்னிசலோன் தொடங்கினால் நரம்பு பிழைக்கும். கையும் காலும் ஊனமுறாமல் தப்பும். தேசியத் தொழுநோய் ஒழிப்புத் திட்டத்தில் நாளொன்றுக்கு 40 மில்லிகிராமில் தொடங்கி, படிப்படியாகக் குறைத்து, 12 வாரங்கள் கொடுப்பது வழக்கம். கிருமியைக் கொல்லும் மருந்தை, அதன் காலம் முடியாவிடின், இதனோடு சேர்த்தே தொடர்வர். தேமல் உள்ளவர் ஒருவருக்குக் கை மரத்தோ நரம்பு வலித்தோ வந்தால், நாளைக் கடத்தாமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பிவைப்பது ஊராட்சி உறுப்பினர் செய்யக்கூடிய பேருதவி.

ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் மருந்தாகக் கொடுக்கப்படுவதும் பெரும்பாலும் ஸ்டீராய்டே. இங்கே நிலைமை தலைகீழ்; பொட்டல மாத்திரையை அஞ்சாது விழுங்குவோர் இதற்கு அஞ்சுகின்றனர். குழந்தைக்குப் பழக்கமாகிவிடும் என்று தாய்மார் நிறுத்திவிடுகின்றனர். உறிஞ்சு மருந்தின் அளவு மில்லிகிராமில் ஒரு சிறு பகுதியே. அது மூச்சுக்குழாயில் நேரே படிகிறது. இரத்தத்தில் கலப்பது சொற்பம். உறிஞ்சிய பின் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டால் வாயில் வெண்படலம் படர்வதும் நேராது. மருத்துவர் சொன்ன அளவில் இதனை நாள்தோறும் பயன்படுத்துவோர்க்கு மூச்சுத்திணறல் வந்து ஆஸ்பத்திரிக்கு ஓடும் நிலை வெகுவாகக் குறைகிறது.

பன்றி உள்ளே இருக்கும்போது

கூக்குரலை அடக்கிவிட்டோம், ஆனால் பன்றி இன்னும் காட்டினுள் இருக்கிறது. அப்போது என்ன ஆகும்? படர்தாமரைக்குக் கடையில் வாங்கித் தடவும் களிம்புகளில் நிகழ்வது இதுவே. அவற்றுள் பலவற்றில் பூஞ்சைக் கொல்லியுடன் க்ளோபிட்டசால், பீட்டாமெத்தசோன் போன்ற வீரியமிக்க ஸ்டீராய்டும் கலந்திருக்கிறது. இரண்டே நாளில் சிவப்பு மறைகிறது, அரிப்பு நிற்கிறது. குணமாகிவிட்டதென்று மகிழ்கின்றனர். தோலின் காவல் அடங்கியதால் பூஞ்சை தடையின்றிப் பரவி, நிறுத்தியதும் முன்னிலும் அகலமாய் வெளிப்படுகிறது. தொடையிடுக்கில் தோல் மெலிந்து வரிவரியாய்ப் பிளக்கிறது. குடும்பத்தார் அனைவருக்கும் தொற்றுகிறது. முகம் வெளுக்குமென்று இதே களிம்பைத் தடவும் இளம்பெண்களும் உளர். இக்கேட்டைக் கருதி, 2018ஆம் ஆண்டில் மத்திய அரசு, தோலில் தடவும் ஸ்டீராய்டுகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாத ‘எச்’ அட்டவணையில் சேர்த்தது. சட்டம் தன் வேலையைச் செய்துவிட்டது. எஞ்சியது வாங்குவோர் பொறுப்பு.

உடலில் உறங்கிக் கிடக்கும் காசநோய்க் கிருமி, நீண்ட நாள் ஸ்டீராய்டு உண்போரிடத்தில் விழித்தெழக்கூடும். ஈர மண்ணில் வெறுங்காலுடன் உழைப்போரின் பாதத்தைத் துளைத்துக் குடலில் தங்கும் ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் என்னும் நுண்ணிய புழு ஒன்றுண்டு. ஆண்டுக்கணக்கில் தொல்லையின்றி இருந்த அப்புழு, ஸ்டீராய்டு தொடங்கியதும் பெருகி உடலெங்கும் பரவி உயிரையே வாங்கியதுண்டு.

கொரோனா காலம் இவ்விரு முகங்களையும் ஒருசேரக் காட்டியது. 2020ஆம் ஆண்டு ஜூன் மாதம் பிரிட்டனில் வெளியான பெரிய ஆய்வின் முடிவுப்படி, நாளொன்றுக்கு வெறும் 6 மில்லிகிராம் டெக்ஸாமெத்தசோன், செயற்கைச் சுவாசக் கருவியில் இருந்தோரின் மரணத்தை மூன்றில் ஒரு பங்கும், பிராணவாயு மட்டும் தேவைப்பட்டோரின் மரணத்தை ஐந்தில் ஒரு பங்கும் குறைத்தது. பிராணவாயு தேவைப்படாதோர்க்கு அதனால் நன்மை இல்லை. முதற்பிரிவினரை வருத்தியது கட்டுமீறிய அழற்சி. கடைசிப் பிரிவினரின் உடலிலோ கிருமியோடு போர் நடந்துகொண்டிருந்தது. இவ்வேற்றுமையைப் பாராமல், 2021ஆம் ஆண்டில் இரண்டாம் அலையின்போது, வீட்டிலிருந்தே இம்மாத்திரையைத் தேவைக்கு மிஞ்சி விழுங்கியோர் பலர். சர்க்கரை நோயாளிகளிடையே கருப்புப் பூஞ்சை நோய் பரவியதற்கு அதுவும் ஒரு காரணம். அவ்வாண்டு மே மாதம் தமிழ்நாடு அரசு அந்நோயை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கியது.

திடீரென நிறுத்தலாகாது

இதுவரை படித்தவருள் சிலர், இன்றே இம்மாத்திரையை எறிந்துவிடுவோம் என எண்ணக்கூடும். அது மேலும் ஆபத்தானது. மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியின் உத்தரவுப்படியே அட்ரினல் இயங்குகிறது. வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டேயிருந்தால், உடலில் போதுமான அளவு இருக்கிறதென்று கருதி உத்தரவு நின்றுவிடுகிறது. உத்தரவு வராத அட்ரினல் சுருங்கிப்போகிறது. சுமார் மூன்று வாரங்களுக்கு மேல் உண்டவர்க்கு இது நேரலாம். பல மாதம் நுகத்தில் பூட்டாத எருதை ஒரே நாளில் ஏரில் கட்டி நாள் முழுதும் உழ முடியுமோ? அவ்வாறே, மருந்தைத் திடுமென நிறுத்தியதும் வேலையை ஏற்க அட்ரினலால் இயலாது. கடும் சோர்வு, வாந்தி, வயிற்று வலி, இரத்த அழுத்தம் தாழ்ந்து மயக்கம் எனத் தொடங்கி மரணமும் நேரலாம். ஆகையால் மருத்துவர் அளவைச் சிறிது சிறிதாகவே குறைப்பர். உடலின் இயற்கைச் சுரப்பை ஒட்டி, பெரும்பாலும் காலை உணவுக்குப் பின் ஒரே வேளையாகக் கொடுப்பதும் அதனால்தான். நீண்ட நாள் உண்பவர்க்குக் காய்ச்சலோ விபத்தோ நேர்ந்தால் அளவைக் கூட்டவேண்டியும் வரலாம். ஆதலின் எந்த மருத்துவரிடம் சென்றாலும் முதலில் இதனைக் கூறவேண்டும்.

ஊரில் ஆண்டுக்கணக்கில் பொட்டல மருந்தையோ, பெயர் தெரியாத வலிப் பொடியையோ உண்டு வருவோர் யாரென்பது ஊராட்சி உறுப்பினர்களுக்குத் தெரிந்தே இருக்கும். மூலிகை என்று விற்கப்படும் பொடிகள் சிலவற்றிலும் ஸ்டீராய்டு கலந்திருந்தது சோதனைகளில் வெளிப்பட்டதுண்டு. அத்தகையோரைக் கடிந்துரைத்துப் பயனில்லை. கூலி வேலைக்குப் போகவேண்டிய கட்டாயமே அவர்களை அக்கடைக்கு அனுப்பியது. மருந்தை நிறுத்தச் சொல்லவும் வேண்டா. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் சென்று சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்க்கச் செய்க. எத்தனை மாதமாக, நாளுக்கு எத்தனை மாத்திரை உண்டார் என்பதை மறைக்காது சொல்லச் செய்க. பெயர் தெரியாவிடினும் அம்மாத்திரையைப் பார்த்து இன்னதென மருத்துவர் அறிய வாய்ப்புண்டு. ஆகையால் மீதமுள்ள பொட்டலத்தை எறியாமல் கையோடு எடுத்துச் செல்க.